மூன்று இருபதுக்குத் தெரிந்த விளக்கு

இது நடந்தது. எனக்கே நடந்தது. பக்கத்து வீட்டுக்காரரின் மைத்துனருக்கு நடந்ததாகக் கேள்விப்பட்ட கதை இல்லை. என்னிடம் ஆதாரம் கேட்காதீர்கள். அடுத்தவரிடம் ஆதாரம் கேட்டே இருபத்தாறு வருஷம் பிழைத்தவள் நான். இன்று என் கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. நம்புகிறவர்கள் படியுங்கள். நம்பாதவர்களும் படியுங்கள், போன மாதம் வரை நானும் உங்கள் கட்சிதான்.

பேய் என்றால் நடு இரவு, சுடுகாடு, நாய் ஊளை என்று எதிர்பார்ப்பீர்கள். அதெல்லாம் எனக்கு வாய்க்கவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை மதியம். வயிறு நிறையச் சாப்பிட்ட களைப்பு. நேரம் சரியாக 2.26.

முதலில் என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். யுத்த காலத்தில் சரக்குக் கப்பல்கள் வரிசையாகப் போகும். கரி, கோதுமை, மரம் என்று எதையாவது ஏற்றிக்கொண்டு, ஒன்றின் பின்னால் ஒன்றாக, மாட்டு வண்டி வேகத்தில் போகும். ஒரு குறுகலான கடல் வழியில் எதிர்க்கரை எதிரியின் கையில் இருந்தது. அங்கே பெரிய பீரங்கிகளை நிறுத்தி வைத்து, போகிற வருகிற கப்பலையெல்லாம் சுட்டார்கள். அந்தக் கப்பல்களைப் பற்றித்தான் என் ஆராய்ச்சி. ஒரு புத்தகமும் எழுதியிருக்கிறேன். எண்ணூறு பிரதி விற்றது. என் வீட்டுக்காரர் எல்லோரிடமும் ஆயிரம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அந்த மாலுமிகள் எழுதிய கடிதங்களில் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வரும். எதிர்க்கரையில் முதலில் ஒரு வெளிச்சம் தெரியும். பீரங்கி சுட்டுவிட்டது என்று அர்த்தம். குண்டு வந்து விழ ஐம்பத்தைந்து விநாடி ஆகும். அந்த ஐம்பத்தைந்து விநாடியும் ஓட இடமில்லை. கப்பலில் எல்லோரும் நின்ற இடத்தில் நின்று எண்ணுவார்கள். குண்டைவிட எண்ணுவதுதான் கொடுமை என்று ஒருவர் எழுதியிருந்தார். அதை என் புத்தகத்தின் பின்னட்டையில் போட்டேன். நல்ல வரி என்று எல்லோரும் பாராட்டினார்கள்.

இந்த வருஷம் துறைமுகத்தில் அந்த மாலுமிகளுக்கு ஒரு நினைவுக் கல் வைக்க ஒரு குழு ஏற்பாடு செய்தது. பெயர்ப் பட்டியலைச் சரிபார்க்கும் பொறுப்பு எனக்கு. அதில் ஒரு கரிக்கப்பல். வரிசையில் மூன்றாவதாகப் போய் மூழ்கியது. இறந்தவர்கள் பதினொரு பேர். நான் எழுதிக் கொடுத்தது பத்துப் பெயர்.

பதினோராவது ஆள் அந்தக் கப்பலின் விளக்குக்காரர். கப்பலுக்குக் கப்பல் சைகை அனுப்ப மேல்தளத்தில் ஒரு பெரிய விளக்கு இருக்கும். அதன் மூடியை டக் டக்கென்று திறந்து மூடி, வெளிச்சத்தாலேயே பேசுவது அவருடைய வேலை. அன்று மூட்டமான மதியம். எதிரிக்குக் கப்பல்கள் தெரிந்திருக்காது. விளக்கைக் காட்டக் கூடாது என்று உத்தரவு. இவர் காட்டினார். நம் கரையில் இருந்த காவல் சாவடிக் குறிப்பு: 3.20, மூன்றாவது கப்பலிலிருந்து விளக்கு. எதிர்க்கரை பீரங்கிப் பதிவேடு: 3.26, முதல் குண்டு. நடுவில் ஆறே நிமிஷம்.

ஆகவே இவர்தான் காட்டிக்கொடுத்தார் என்று எழுதினேன். என் புத்தகத்தில் 143ஆம் பக்கம். உத்தரவை மீறியவர்கள் பெயர் கல்லில் கிடையாது என்பது குழுவின் விதி. சிவப்பு மசியால் அடித்துவிட்டேன்.

புத்தகம் வந்த புதிதில் அவருடைய மகள் ஒரு தடவை போன் செய்தார். வயதான குரல். “நிச்சயமா அது எங்க அப்பாதானாங்க?” என்று கேட்டார். “ஆதாரம் இருக்கும்மா” என்றேன். “சரிங்க” என்று வைத்துவிட்டார். அது நடந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. சத்தியமாகச் சொல்கிறேன், அதற்குப் பிறகு அந்த அம்மாளை நான் நினைத்ததே இல்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை மாலை நான்கு மணிக்குள் பட்டியலைக் கொடுக்க வேண்டும். கல் செதுக்குபவர் அன்றே வாங்கிப் போகிறார். கல்லில் எழுத்துப்பிழை வந்தால் அழிக்க முடியாதே என்று கடைசியாக ஒரு தடவை பெயர்களைப் பார்க்க ஆவணக் காப்பகத்துக்குப் போனேன்.

காப்பகத்தின் அடித்தளம் நீளமான ஒரே அறை. ஜன்னல் கிடையாது. ஒரு கோடியில் இரும்புக் கதவு. மறுகோடியில் வெறும் சுவர். இரண்டு பக்கமும் கூரையைத் தொடும் இரும்பு அலமாரிகள். நட்ட நடுவில் ஒரு மேஜையும் எதிரெதிராக இரண்டு நாற்காலிகளும். போனை மேலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். பேனாவுக்கு அனுமதி இல்லை, பென்சில் மட்டும்தான். முன்பு ஒருவன் வரைபடங்களைத் திருடிப் போனதிலிருந்து, படிக்கிறவர்களை உள்ளே விட்டு வெளியே பூட்டிவிடுவார்கள். பூட்டுகிறவருக்கு நாங்கள் வைத்த பெயர் சாவிக்கொத்து.

“மேடம், மூணரைக்கு வந்து திறக்கறேன். ஏதாவது வேணும்னா பெல் அடிங்க” என்றார் சாவிக்கொத்து.

“பெல் வேலை செய்யுதா அண்ணே?”

“அது செய்யாது.”

கதவு பூட்டும் சத்தம் கேட்டது. கடிகாரத்தைப் பார்த்தேன். 2.10.

பத்துப் பெயர்களையும் ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்தேன். எல்லாம் சரி. பதினைந்து நிமிஷத்தில் வேலை முடிந்துவிட்டது. சாவிக்கொத்து வரும் வரை என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது டியூப் லைட் எல்லாம் ஒரு தடவை மினுக்கென்றது. பளிச்சென்று ஒரே ஒரு தடவை. பிறகு பழையபடி எரிந்தது. 2.26.

பழைய கட்டடம், வயர் சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

சிறிது நேரம் கழித்துச் சுவருக்கு அந்தப் பக்கம், வெகு தூரத்தில், ‘தொம்’ என்று ஒரு சத்தம். மேஜைமேல் பென்சில் உருண்டது.

ரோடு போடுகிறார்கள் போலிருக்கிறது.

2.31. மறுபடி மினுக்கென்றது. இந்தத் தடவை என் மனம் தானாக எண்ண ஆரம்பித்துவிட்டது. தொழில் புத்தி. ஒன்று, இரண்டு, மூன்று… ஐம்பத்தைந்து என்று எண்ணி முடிக்கும்போது ‘தொம்’.

இந்தத் தடவை சத்தம் கதவுப் பக்கமிருந்து வந்தது.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ராத்திரியும் பகலும் இதையே படித்தால் இப்படித்தான் ஆகும் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். ஆனாலும் பென்சிலை எடுத்து நேரத்தைக் குறித்தேன். 2.36க்கு மூன்றாவது மினுக்கு. எண்ணினேன். ஐம்பத்தைந்து. ‘தொம்’. மறுபடியும் சுவர்ப் பக்கம், ஆனால் முன்னைவிடக் கிட்டத்தில். அலமாரித் தட்டுகள் கடகடவென்று ஆடின.

சிரிப்பு நின்றுவிட்டது.

பீரங்கி சுடுகிறவர்களுக்கு ஒரு முறை உண்டு. முதல் குண்டைக் கப்பலைத் தாண்டிப் போடுவார்கள். இரண்டாவதைக் கப்பலுக்கு இப்பால் போடுவார்கள். பிறகு அந்த இடைவெளியைக் குறைத்துக்கொண்டே வருவார்கள். அந்தப் பக்கம், இந்தப் பக்கம், அந்தப் பக்கம்… நடுவில் இருப்பதுதான் குறி. இந்த அறையில் நடுவில் இருந்தது என் மேஜை.

கதவுக்கு ஓடினேன். தட்டினேன். “அண்ணே! அண்ணே!” என்று கத்தினேன். இரும்புக் கதவு. வெளியே லிஃப்ட் ஓடும் சத்தம்கூடக் கேட்கவில்லை. திரும்பி வந்து மேஜைமேல் கிடந்த பையை எடுக்கும்போது கவனித்தேன். காகிதங்கள்மேல் கறுப்பாகப் பொடி படிந்திருந்தது. விரலால் தொட்டேன். கரித்தூள்.

2.41. மினுக்கு.

எண்ணாமல் இருக்க முயன்றேன். முடியவில்லை. நாற்பது… ஐம்பது… ஐம்பத்துநான்கு…

சத்தமே வரவில்லை. எனக்கு எதிரே இருந்த காலி நாற்காலி மட்டும் பின்பக்கமாகச் சரிந்து விழுந்தது. யாரோ தூக்கி எறிந்ததைப் போல விழுந்தது. என் தலைக்கு மேல் இருந்த ஒரு விளக்கைத் தவிர எல்லா விளக்கும் அணைந்தன. ஈரக் கரி நாற்றம் குப்பென்று அடித்தது.

கடவுள் பெயர் ஒன்றும் வாயில் வரவில்லை. குறித்து வைத்திருந்த நேரங்களைத்தான் பார்த்தேன். 2.26, 2.31, 2.36, 2.41. இந்த எண்களை நான் எங்கேயோ படித்திருக்கிறேன்… பையிலிருந்து பீரங்கிப் பதிவேட்டின் நகலை எடுத்தேன்.

3.26, முதல் குண்டு. 3.31, இரண்டாவது. 3.36, மூன்றாவது. 3.41, கப்பலின் மேல்தளத்தில் நேரடி அடி.

நிமிஷமெல்லாம் பிசகில்லை. மணி மட்டும் ஒன்று அதிகம்.

யுத்தம் முடிந்ததும் எதிரியிடமிருந்து கைப்பற்றி வந்த அந்தப் பதிவேட்டின் மூலப் புத்தகம் இதே அறையில்தான் இருந்தது. நான் அதைத் திறந்ததே இல்லை. வெளியூரில் இருந்தபோது எழுதிப் போட்டு, வேண்டிய ஒரே ஒரு பக்கத்துக்கு மட்டும் நகல் வரவழைத்தேன். எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். முழுப் புத்தகத்தையும் யார் புரட்டிக்கொண்டிருப்பது? அந்தப் பெட்டியைத் தேடி எடுத்தேன். அவசரத்தில் இரண்டு தடவை கீழே போட்டேன். அட்டையைத் திறந்தேன்.

உள்ளட்டையில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. இன்று முதல் இந்தக் கரையில் உள்ள எல்லாக் கடிகாரங்களும் தலைமையகத்து நேரப்படி ஒரு மணி முன்னால் ஓடும் என்று இரண்டே வரி.

எதிரியின் 3.26 நம்முடைய 2.26.

ஒரு மணி நேரத்தை நான் கழிக்கவில்லை. அவ்வளவுதான். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை செய்கிற கழித்தல். விளக்குக்காரர் விளக்கைக் காட்டிய 3.20 நம் கரை நேரம். அதற்குள் எதிரி ஐம்பத்துநான்கு நிமிஷமாகச் சுட்டுக்கொண்டிருந்தான். கப்பல் அடிவாங்கி எரிந்துகொண்டிருந்தது. அதற்கு மேல் யாரைக் காட்டிக்கொடுக்க வேண்டும்? எதற்காகக் காட்ட வேண்டும்?

பின்னால் ஏழு கப்பல்கள் வந்துகொண்டிருந்தன. மூட்டத்தில் அவற்றுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் ஏழும் சரியான சமயத்தில் திரும்பித் தப்பித்தன. அது கப்பல் வரிசைத் தளபதியின் சமயோசிதம் என்று நானே எழுதியிருந்தேன். அதுவும் 143ஆம் பக்கம்தான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். நான் புகழையும் இடம் மாற்றி வைத்திருந்தேன்.

அழுகை வந்தது. பயத்தில் வந்ததா, வெட்கத்தில் வந்ததா என்று தெரியவில்லை. அதற்குள் அடுத்த மினுக்கு. ஐம்பத்தைந்து எண்ணினேன். ‘தொம்’.

சத்தம் நிற்கவில்லை. 2.50. 2.57. 3.04. ஒவ்வொரு தடவையும் முதலில் வெளிச்சம், பிறகு எண்ணிக்கை, பிறகு அடி. நான் மேஜைக்கு அடியில் உட்கார்ந்து பதிவேட்டை மார்போடு அணைத்துக்கொண்டேன். அடுத்தது எப்போது என்று ஊகிக்கத் தேவையே இல்லை. எல்லாம் பதிவேட்டில் எழுதியிருந்தது. நான் ஒரு மணி கழித்துக்கொண்டால் போதும்.

கடைசி வரியையும் பார்த்துவிட்டேன். 4.31, குறி மூழ்கியது.

அப்படியானால் நம் கணக்கில் 3.31.

3.12. இன்னும் பத்தொன்பது நிமிஷம்.

சாவிக்கொத்து 3.30க்கு வருவார். வந்தால் ஒரு நிமிஷம் மிச்சம். கதவை ஒட்டி நின்றுவிட்டால் திறந்த கையோடு வெளியே பாய்ந்துவிடலாம். பதிவேட்டை எடுத்துக்கொண்டு கதவுக்குப் போனேன். இருட்டு. கதவுக்கு மேல் ஒரு சின்னப் பச்சை பல்பு மட்டும் எரிந்தது. முதுகைக் கதவில் ஒட்டிக்கொண்டு நின்றேன்.

3.18.

3.19.

3.20.

அறையின் மறுகோடியில்…

டக்.

டக் டக்.

வெளிச்சம்.

அலமாரிகளுக்கு நடுவே, சுவர் ஓரம், ஆள் உயரத்துக்கும் சற்று மேலே. மஞ்சள் வெளிச்சம். திறந்து மூடியது. திறந்து மூடியது. அதன் பின்னால் யார் என்று தெரியவில்லை. உருவம் இல்லை. மூச்சுச் சத்தம் இல்லை. மூடியின் சத்தம் மட்டும்.

டக்… டக் டக்… டக்…

அந்தச் சைகை எழுத்து எனக்குத் தெரியும். புத்தகத்துக்காகக் கற்றுக்கொண்டது. முதலில் படிக்கக் கூடாது என்று கண்ணை மூடினேன். மூடினாலும் சத்தம் எழுத்தாக வந்தது.

விலகு.

விலகு.

அங்கே நிற்காதே.

விலகு.

கதவை விட்டு விலகுவதா? அங்கே போவதா? அந்த வெளிச்சத்தை நோக்கியா? நான் கதவை விட்டு அசையவில்லை. பன்னிரண்டு வருஷமாக அந்த மனிதரை நான் காட்டிக்கொடுத்தவர் என்று ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கிறேன். என்னைக் கூப்பிட்டுப் பழி தீர்க்க வேண்டும் என்றால் அவரைவிட யாருக்கு உரிமை இருக்கிறது?

3.27.

டக் டக். விலகு.

3.28. சாவிக்கொத்தின் காலடி கேட்கிறதா என்று கதவில் காதை வைத்தேன். ஒன்றுமில்லை.

3.29.

வெளிச்சம் வேகமாக அடித்தது. ஒரே சொல். திரும்பத் திரும்ப…

நடந்தேன்.

எப்படி நடந்தேன் என்று தெரியாது. கையை நீட்டி, அலமாரிகளைத் தொட்டுத் தொட்டு. மேஜையைத் தாண்டினேன். விழுந்து கிடந்த நாற்காலியில் கால் இடித்தது. கையிலிருந்த பதிவேடு நழுவி எங்கோ விழுந்தது. குனியவில்லை. வெளிச்சத்தில் கண் கூசியது. பக்கத்தில் போனேன்.

இன்னும் பக்கத்தில்.

உப்பு வாடை.

3.31.

எல்லா விளக்கும் ஒரு தடவை பளிச்சென்றன.

எண்ணினேன்.

ஐம்பத்தைந்து.

எனக்குப் பின்னால் அறையே பிளந்தது.

கண்ணைத் திறந்தபோது டியூப் லைட்டுகள் சாதாரணமாக எரிந்துகொண்டிருந்தன. நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் யாரும் இல்லை. விளக்கும் இல்லை. கதவுப் பக்கம் இருந்த மூன்று அலமாரிகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து கிடந்தன. நான் முதுகைச் சாய்த்து நின்ற இடத்தில் அலமாரியின் இரும்புக் கால் ஒன்று குத்திட்டு நின்றது. தண்ணீர்க் குழாய் உடைந்து தரையெல்லாம் வெள்ளம். காகிதங்கள் மிதந்தன.

சாவிக்கொத்து 3.36க்கு வந்தார். ஆறு நிமிஷம் தாமதம். “டீ கொஞ்சம் சூடா இருந்துச்சு மேடம்” என்று அழுதேவிட்டார். கதவைத் திறக்க இன்னும் இரண்டு பேர் தள்ள வேண்டியிருந்தது. நேரத்துக்கு வந்திருந்தால் அவரும் அடியில் போயிருப்பார். சத்தமெல்லாம் கேட்டதா என்று கேட்டேன். அலமாரி விழுந்த ஒரே சத்தம்தான் என்றார். ரோடு வேலையும் அந்தப் பக்கம் எங்கேயும் நடக்கவில்லை.

நனைந்த துணியோடு மேல்மாடியில் இருந்த குழு அலுவலகத்துக்கு ஓடினேன். நினைவுக் குழுச் செயலாளர் பட்டியலை உறையில் போட்டுக்கொண்டிருந்தார். மணி 3.52.

“பதினோராவது பேரையும் சேருங்க சார். என் தப்பு. அவர் காட்டிக்குடுக்கல.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “உக்காருங்க மேடம். தண்ணி குடிங்க. எதை வெச்சு சேர்க்கறது?”

“பீரங்கிப் பதிவேட்டோட முன் அட்டையில ஒரு சீட்டு இருக்கு.”

“எங்க இருக்கு?”

“கீழ… தண்ணியில.”

“நகல்?”

“இல்ல.”

அவர் பெருமூச்சு விட்டு அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தார். என் புத்தகம். 143ஆம் பக்கத்தில் அடையாளம் வைத்திருந்தார். “இதுல தெளிவா இருக்கே மேடம்.”

“அதை எழுதினதே நான்தானே சார்! நானே தப்புன்னு சொல்றேன்.”

“அப்போ அடுத்த பதிப்புல மாத்துங்க. அது வந்ததும் கல்லையும் பார்க்கலாம். அதுவரைக்கும் எங்களுக்கு இதுதான் ஆதாரம்.”

அந்தப் புத்தகத்துக்கு அடுத்த பதிப்பு வராது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான்கு மணிக்குக் கல் செதுக்குபவர் வந்தார். வாங்கிக்கொண்டு போனார். நனைந்த பதிவேட்டை உலர்த்தப் பார்த்தார்கள். முன்னட்டை கூழாகிப் போயிற்று. குழாயில் துரு, அலமாரியில் அதிகப் பாரம் என்று அறிக்கை எழுதி முடித்தார்கள். கல்லில் பத்துப் பெயர்கள் இப்போது பளபளவென்று இருக்கின்றன.

வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரர் பேயைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. “அந்த அம்மாகிட்ட போய்ச் சொன்னியா?” என்று மட்டும் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை போனேன்.

மூன்றாவது மாடி. சின்ன வீடு. அந்த அம்மாளுக்கு எண்பத்தைந்து வயதிருக்கும். அவரே கதவைத் திறந்தார். நான் யார் என்று சொன்னதும் முகம் மாறவில்லை. உட்காரச் சொன்னார். நேரக் கணக்கை மட்டும் சொன்னேன், மற்றதைச் சொல்லவில்லை. ஏழு கப்பல்களைப் பற்றிச் சொன்னேன். கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டேன்.

அவர் விரல்விட்டு எதையோ கணக்குப் போட்டார். பிறகு, “முதல் அடி எப்ப விழுந்துச்சுன்னு சொன்னீங்க?” என்றார்.

“ரெண்டு நாப்பத்தொண்ணும்மா. மேல்தளத்துல.”

“விளக்கு?”

“மூணு இருபது.”

“நிச்சயமா தெரியுமா?”

“நிச்சயம்மா.”

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு பேசினார். குரலில் கோபம்கூட இல்லை. கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

“கப்பல்ல அடுப்புக்குக் கரி போடறவர் ஒருத்தர் பிழைச்சு வந்தார். எங்க அம்மாவுக்கு லெட்டர் எழுதினார். அம்மா சாகற வரைக்கும் தலகாணிக்கு அடியில வெச்சிருந்தாங்க. அப்புறம் நான் வெச்சிருந்தேன். உங்ககிட்ட போன்ல பேசின அன்னிக்கு அதை அடுப்புல போட்டேன். அப்பாவோட போட்டோவையும் சேர்த்துப் போட்டேன். நல்ல மனுஷன்னு எழுதியிருந்தாரே, பொய் சொல்லிட்டாரேன்னு ஆத்திரம். நீங்க படிச்சவங்க. ஆதாரம் இருக்குன்னு சொன்னீங்க.”

அவர் ஜன்னலிலிருந்து என் பக்கம் திரும்பினார்.

“லெட்டர் எனக்கு மனப்பாடம். ‘முதல் அடியிலேயே உங்கள் வீட்டுக்காரர் என் மடியில் போய்விட்டார். கண்ணை நான்தான் மூடினேன். விளக்குப் பக்கத்திலேயே கிடத்தினேன். மேல்தளத்தில் வேறு யாரும் மிஞ்சவில்லை. நாங்கள் எல்லோரும் கீழே போய்விட்டோம்.’ உங்க பழைய கணக்குல இதெல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. விளக்கு முதல்ல, சாவு அப்புறம். இப்ப நீங்க வந்து மாத்திச் சொல்றீங்க.”

நான் எழுந்துவிட்டேன். அவர் என் கையைப் பிடித்தார். எலும்பும் தோலுமான கை. ஆனால் பிடி இறுகியது.

“அதுல இன்னொரு வரியும் இருந்துச்சு. அம்மா அதை எனக்குப் படிச்சுக் காட்டினதே இல்ல. நானா பெரியவளாகிப் படிச்சேன். ‘கை இரண்டும் முழங்கைக்குக் கீழே இல்லை. தேடினேன், கிடைக்கவில்லை’ன்னு எழுதியிருந்தார்.”

வெளியே யாரோ படியேறிப் போகும் சத்தம் கேட்டது. அவர் கையை விட்டார்.

“செத்து நாப்பது நிமிஷம் கழிச்சு, கையில்லாம, எங்க அப்பா விளக்கு காட்டினார்னு எழுதுவீங்களா?” என்றார். “எழுத மாட்டீங்க. நீங்க ஆதாரம்னு கேக்கற காகிதத்தை நான் எரிச்சுட்டேன்.”